பட்டறை வாசலில் நிற்கும் தோட்டப் பிள்ளைகள்: பெரந்திஸ் பயிற்சியில் இந்தியர்கள் குறைவது ஏன்?

சி ரூசா – போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில், சி ரூசாவிலேயே, அரசாங்கத்தின் போலிடெக்னிக் இருக்கிறது. சிவில், மின்சாரம், இயந்திரம், வணிகம் என்று பல துறைகளில் அங்கே டிப்ளோமா படிக்கலாம். அதே வட்டாரத்தில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. 1960களில் ஷெல், எஸ்ஸோ என்ற பெயர்களில் தொடங்கியவை, இன்று ஹெங்யுவான், பெட்ரோன் என்ற பெயர்களில் இயங்குகின்றன. கொஞ்சம் தள்ளினால் துவாங்கு ஜாபார் மின் நிலையம். வெல்டர், பிட்டர், சார்ஜ்மேன், கருவிப் பராமரிப்பாளர் ஆகியோருக்கு வேலை தரும் இடங்கள் இப்படி ஒரே வட்டாரத்தில் அமைவது மலேசியாவில் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

இந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் சுவா பெத்தோங், சுங்காலா, பிராட்வால், அத்தர்டன் போன்ற தோட்டங்கள் இருக்கின்றன. பால்மரம் போய் செம்பனை வந்த பிறகு அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இருந்தாலும் அதை விரும்பிச் செய்ய ஆளில்லை, வெளிநாட்டுத் தொழிலாளர்களே செய்கிறார்கள். எஸ்பிஎம் முடித்த பையன் லோரி ஓட்டப் போகிறான், பாதுகாவலர் வேலைக்குப் போகிறான், தொழிற்சாலையில் ஷிப்ட்டில் நிற்கிறான். ஆலைக்குள் கருவியைப் பிடிக்கும் வேலைக்கு அவன் ஏன் அவ்வளவாகப் போவதில்லை? ‘நம்ம பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை’ என்று கோயில் கூட்டங்களில் சொல்லப்படும் பதில் பாதிகூட உண்மை இல்லை.

நாட்டின் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு என்று 2020 மக்கள் கணக்கெடுப்பு காட்டியது. நெகிரி செம்பிலானில் இந்த விகிதம் ஏறக்குறைய 14 விழுக்காடு, அதாவது இரண்டு மடங்கு. எனவே ‘நாடு முழுவதற்கும் ஏழு விழுக்காடு’ என்ற கணக்கை இந்த மாநிலத்துப் பட்டறைகளுக்குப் பொருத்திப் பார்த்தால் அது குறைவான அளவுகோல்தான். 2017 ஏப்ரலில் வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம் உயர்கல்விக்கூடச் சேர்க்கைக்கும் அரசாங்க வேலைக்கும் அந்த ஏழு விழுக்காட்டைத்தான் இலக்காக வைத்தது. தனியார் முதலாளி கையில் இருக்கும் பயிற்சி இடங்களுக்கு அப்படி ஓர் இலக்கைக் கட்டாயமாக்குவது எளிதல்ல. சிக்கலின் மையம் அங்கேதான் இருக்கிறது.

பயிற்சியின் கதவு முதலாளி கையில்

மலேசியாவில் இன்று பெரந்திஸ் என்று சொன்னால் பெரும்பாலும் எஸ்எல்டிஎன் எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறையைக் குறிக்கும். 2005இல் தொடங்கிய இந்த முறை ஜெர்மனியைப் பார்த்து அமைக்கப்பட்டது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில் நடக்கும், மிச்சம் பயிற்சி நிலையத்தில். முடிவில் திறன் மேம்பாட்டுத் துறை மதிப்பீடு செய்து எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழைத் தரும். அதில் நிலை 1, 2, 3 உண்டு. அதற்கு மேல் திறன் டிப்ளோமா, அதற்கும் மேல் உயர்நிலை டிப்ளோமா.

எழுத்தில் பார்த்தால் இதில் இனம் என்ற பேச்சே இல்லை. மலேசியக் குடிமகனாக இருந்தால் சேரலாம். ஆனால் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்தில் நடப்பதால், முதலில் ஒரு முதலாளி அந்தப் பையனை ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலாளி யாரை ஏற்கிறார்? தெரிந்தவர் மகனை, பழைய வேலைக்காரர் சொன்ன ஆளை, தன் மொழி பேசுகிறவரை. சின்னப் பட்டறைகளில் விளம்பரம் போட்டு ஆள் எடுப்பது அரிது. சீனர் நடத்தும் பட்டறையில் அன்றாடப் பேச்சு சீன மொழியில் இருக்கும். குத்தகைக்காரர் மலாய்க்காரராக இருந்தால் அவர் கம்பத்துப் பையன்கள் முதலில் வருவார்கள். இதில் எல்லாமே வெறுப்பினால் நடக்கிறது என்று சொல்ல முடியாது. கைக்கு எட்டுகிறவரைக் கூப்பிடுவது மனித இயல்பு. ஆனால் பட்டறை வைத்திருக்கும் இந்தியர்கள் குறைவாக இருக்கும் ஊரில் அந்த இயல்பே ஒரு வேலியாக மாறிவிடுகிறது.

மலேசியா பாடம் கற்ற ஜெர்மனியிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மாதிரித் தகுதி கொண்ட இரண்டு வகை விண்ணப்பங்களைப் பல நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஒன்றில் ஜெர்மானியப் பெயர், மற்றொன்றில் துருக்கியப் பெயர். நேர்முகத் தேர்வுக்கு ஓர் அழைப்பு வர ஜெர்மானியப் பெயருக்குச் சராசரியாக ஐந்து விண்ணப்பங்கள் போதும், துருக்கியப் பெயருக்கு ஏழு தேவைப்பட்டன. அலுவலக வேலையைவிடக் கார் பழுதுபார்க்கும் தொழிலில்தான் இந்த இடைவெளி அதிகம். அதிலும் சின்ன நிறுவனங்களில் இன்னும் அதிகம். சிரம்பானிலோ லுக்குட்டிலோ பட்டறை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. பயிற்சித் தொழிலாளர்களில் சிறுபான்மை இனத்தவரின் பங்கை 2020க்குள் 11.9 விழுக்காடாக உயர்த்துவது என்று அரசாங்கமே இலக்கு வைத்தது. சேருகிறவர்களின் இனவாரிக் கணக்கையும் வெளியிட்டு வருகிறது. கணக்கு வெளியே தெரிந்தால்தான் எந்தத் தொழிலில், எந்த வட்டாரத்தில் யார் விடுபடுகிறார்கள் என்பது தெரியும். எஸ்எல்டிஎன் பயிற்சிக்கும் மாநில வாரியாக, தொழில் வாரியாக அப்படிக் கணக்கு வெளிவந்தால், ‘இந்தியர்கள் வருவதில்லை’ என்பதும் ‘இந்தியர்களைச் சேர்ப்பதில்லை’ என்பதும் வெறும் வாய்ப்பேச்சாக நிற்காது.

முன்பு எப்படி நடந்தது

தமிழர்களுக்குக் கைத்தொழில் புதிதல்ல. செந்தூல் ரயில்வே பட்டறையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வேலை பார்த்தார்கள். அப்பா பிட்டர் என்றால் மகனும் அங்கேயே பழகினான். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் ரயில் பாதை திறந்த காலத்திலிருந்து இந்த மாநிலத்திலும் ரயில்வே வேலை இருந்தது. தோட்டத்தில் ரப்பர் ஆலை, புகைக்கூடம், எஞ்சின் அறை இருந்தன. எஞ்சின் அறையில் உதவியாளாக நின்ற பையன் பத்து வருடத்தில் எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டுவான். ஆனால் கையில் தொழில் இருந்தும் காகிதம் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது, விற்கப்பட்டபோது, அவன் வெளியே வந்து பொதுவேலை ஆளாகத்தான் சேர முடிந்தது.

அந்தத் தலைமுறையில் இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பலருக்கும் அது தெரியாது. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பிபிடி என்ற முறையில், மீண்டும் வகுப்புக்குப் போகாமலேயே எஸ்கேஎம் பெறலாம். செய்த வேலைகளின் படங்கள், முதலாளி கடிதம், சம்பளச் சீட்டு போன்ற ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்து, அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் வழியாக மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். இருபது வருடம் வெல்டிங் செய்தவருக்கு இந்தச் சான்றிதழ் கிடைத்தால் சம்பளம் மட்டும் மாறாது. அவர் சான்றிதழ் பெற்ற தொழிலாளி என்ற நிலையில் தன் வட்டாரப் பையன்களை முதலாளியிடம் அழைத்துப் போக முடியும். மேலே சொன்ன வேலி உடைய இதுவும் ஒரு வழி.

தடுக்கும் சின்னச் சின்ன விஷயங்கள்

போலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு எஸ்பிஎம்மில் குறைந்தது மூன்று கிரெடிட் வேண்டும், பொறியியல் என்றால் கணிதம் முக்கியம். மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தோற்றால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. தோட்டப்புறப் பிள்ளைகளில் சிலர் விழும் இடம் இதுதான். ஆனால் எஸ்கேஎம் பயிற்சிகள் பலவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று சேர்க்கும் பயிற்சிகளும் உண்டு. எஸ்பிஎம் கைவிட்டதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டில் உட்காரும் பிள்ளைக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

அரசாங்கப் பயிற்சி நிலையங்கள் ஒரே கூரையின் கீழ் இல்லை. மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள் ஒரு பக்கம், கல்வி அமைச்சின் தொழிற்கல்லூரிகள் ஒரு பக்கம், உயர்கல்வி அமைச்சின் போலிடெக்னிக், சமூகக் கல்லூரிகள் இன்னொரு பக்கம். 1966இல் பூமிபுத்ராக்களுக்காக உருவான மாராவின் கீழும் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. எது யாருக்குத் திறந்திருக்கிறது என்று புரியாமல், ‘அரசாங்க இடம் நமக்குக் கிடைக்காது’ என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிற பெற்றோர் உண்டு. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. ஆனால் விண்ணப்பிக்காத இடம் நிச்சயமாகக் கிடைக்காது. இப்போது திவெட் படிப்புகளுக்கு யூபி திவெட் என்ற ஒரே இணைய வாசலில் விண்ணப்பிக்கலாம்.

அடையாள அட்டைச் சிக்கல் தனிக் கதை. சிவப்பு அட்டையோடு இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கையில் எவ்வளவு திறமை இருந்தாலும் அரசாங்கப் பயிற்சிக் கதவு திறப்பதில்லை. தோட்டப்புறத்தில் இது இன்னும் தீராத பிரச்சினை.

பணமும் ஒரு தடைதான். பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை, தொழிற்சாலையில் இன்றே கிடைக்கும் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். ஓவர்டைம் சேர்த்தால் பையன் முதல் மாதமே வீட்டுக்குப் பணம் கொடுக்கிறான். ‘ரெண்டு வருஷம் பழகு, பிறகு பார்க்கலாம்’ என்று சொல்ல வசதி உள்ள குடும்பம் வேண்டும். ஆர்வம் இல்லை என்று குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. மித்ராவோ மற்ற அமைப்புகளோ பயிற்சிக் கட்டணத்தோடு பயணச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் எண்ணிப் பார்த்தால்தான் தோட்டத்துப் பிள்ளை கடைசி மாதம் வரை தாக்குப்பிடிப்பான்.

பெண் பிள்ளைகள் நிலை வேறு. அவர்களைத் தையல், அழகுக்கலை, பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கே அனுப்புகிறார்கள். மின்சாரத் துறையிலும் கருவிப் பராமரிப்பிலும் அவர்கள் சேர எந்தத் தடையும் சட்டத்தில் இல்லை.

சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தொழிலாளர் சட்டத்தின் கீழ் பயிற்சி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அதன் காலம் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 24 மாதம். வாய்ச்சொல்லில் ‘வா, பழகு’ என்று சொல்லி மூன்று வருடம் அரைச் சம்பளத்தில் வைத்திருப்பது பயிற்சி ஆகாது. எந்தத் தொழில், எந்த நிலைச் சான்றிதழ், உதவித்தொகை எவ்வளவு, விபத்து நடந்தால் சொக்சோ பாதுகாப்பு உண்டா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்கலாம். பெற்றோர் கூடப் போய்க் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

தனியார் பயிற்சி நிலையம் என்றால், அந்தக் குறிப்பிட்ட பயிற்சிக்கே திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலையத்துக்கு வேறொரு பயிற்சிக்கு அங்கீகாரம் இருப்பது போதாது. பிடிபிகே கடனுதவி அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்கே கிடைக்கும். அது கடன், இலவசம் அல்ல. பாதியில் நின்றாலும் கடன் நிற்கும்.

ஆலை வேலையைக் குறிவைக்கிறவர்களுக்கு எஸ்கேஎம் மட்டும் போதாது. எண்ணெய், எரிவாயு ஆலைக்குள் குத்தகை வேலைக்குப் போக நியோஷ் பாதுகாப்பு அட்டை கேட்பார்கள். சார்ஜ்மேன், வயர்மேன் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் தனியாக வேண்டும். ஆலைகளில் பராமரிப்புக்காக இயந்திரங்களை நிறுத்தும் காலத்தில் குத்தகைக்காரர்கள் பெருமளவில் ஆள் தேடுவார்கள். அந்த நேரத்தில் இந்த அட்டைகளோடு தயாராக இருக்கும் பையனை எந்த இனம் என்று பார்க்கக் குத்தகைக்காரருக்கு நேரம் இருக்காது. அட்டை எடுக்கப் பயிற்சி நாளும் கட்டணமும் வேண்டும் என்பதால், வேலை அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதில் பயன் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.