ஓடுகிறவன் உடம்பும் மண் பானையும்

திருமயம் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில், பெரிய பாறையின் மேல் நிற்கிறது. கோடைக் காலத்தில் பகலெல்லாம் வெயில் காய்ந்த அந்தப் பாறை, பொழுது சாய்ந்த பிறகும் சுடும்.

இந்தச் சீமையில் போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் தயாராகும் வாலிபர்கள் விடியற்காலையிலேயே சாலையில் ஓடிப் பழகுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் ஓட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஏன் முடியாது?

பாறைக்கு வெளியிலிருந்துதான் சூடு வருகிறது. ஓடுகிறவனுக்கோ உள்ளேயிருந்தும் வருகிறது! நாம் சாப்பிட்ட சோற்றின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் காலை நகர்த்துகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாக மாறிவிடுகிறது. அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால், வேகமாக ஓடுகிறவனின் உடம்பில் சில நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உஷ்ணம் ஏறும். சாதாரணமாக நம் உடம்பின் உஷ்ணம் 37 டிகிரி செல்ஷியஸ். 40-ஐத் தாண்டினால் ஆபத்து. அப்படியானால் அரை மணி நேரம் ஓடுகிறவன் பிழைப்பது எப்படி?

வியர்வைதான் காப்பாற்றுகிறது.

பானையின் ரகசியம்

புது மண் பானையில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். பானையின் மேல் நீர் கசிகிறது. அந்தக் கசிவு காற்றில் உலரும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. நம் தோலும் இப்படித்தான். மூளையின் அடியில் ஒரு சிறு பகுதி, இரத்தத்தின் உஷ்ணத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. உஷ்ணம் ஏறியதும் வியர்வைச் சுரப்பிகளுக்கு உத்தரவு போகிறது. நமக்கு இருபது லட்சத்துக்கு மேல் இருக்கின்றன, அந்தச் சுரப்பிகள்! வெயிலில் ஓடுகிறவனுக்கு ஒரு மணியில் ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை உலர வேண்டும். தரையில் சொட்டுகிற வியர்வையால் பயன் இல்லை. திருமயத்துக் கோடைக் காற்று வறண்டது. வியர்வை சட்டென்று காயும். இதே மாவட்டத்தில் கடலோரம் உள்ள கோட்டைப்பட்டினத்திலோ காற்றிலேயே ஈரம். அங்கே உடம்பு குளித்ததுபோல் நனையும், சூடு மட்டும் குறையாது. மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராததும் இதனால்தான்.

புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த ஓட்ட வீரர் கோவிந்தன் லட்சுமணன், 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அது மழைக்காலப் புழுக்கம். வேறு பந்தயங்களில் 5,000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் ஓடியவர், அன்று 14 நிமிடம் 54 விநாடி எடுத்துக்கொண்டார். பந்தயத் தந்திரமும் இருந்திருக்கலாம். ஆனால் புழுக்கத்தில் நிதானமாக ஓடுவது புத்திசாலித்தனம் என்பதில் சந்தேகமில்லை.

ஒரே சுற்று பாக்கி!

நிதானம் தவறியவர் கதை ஒன்று உண்டு. 1954-ல் கனடா நாட்டு வான்கூவர் நகரில் மாரத்தான் பந்தயம். இங்கிலாந்து வீரர் ஜிம் பீட்டர்ஸ் எல்லாருக்கும் முன்னால் மைதானத்துக்குள் வந்துவிட்டார். அடுத்தவர் வெகு தூரம் பின்னால். பாக்கி ஒரு சுற்றுகூட இல்லை. ஆனால் பீட்டர்ஸ் குடிகாரரைப் போலத் தள்ளாடினார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். எல்லையைத் தொடாமலே அவரைத் தூக்கிச் சென்றார்கள். உயிர் பிழைத்தார், அதன்பின் பந்தயத்தில் ஓடவில்லை. இத்தனைக்கும் அன்று நம் ஊர் மார்கழிப் பகலைப் போன்ற வெயில்தான்.

ஏன் இப்படி? சூட்டைத் தோலுக்குக் கொண்டு வருவது இரத்தம். ஓடும் தசைக்குப் பிராணவாயு கொடுப்பதும் அதே இரத்தம். வியர்க்க வியர்க்க இரத்தத்திலுள்ள நீரும் குறைகிறது. இருதயம் எவ்வளவு வேகமாக அடித்தாலும், ஒரு கட்டத்தில் இரண்டு வேலைக்கும் இரத்தம் போதாது. அப்போது உடம்பு கொதிக்கிறது. மூளை குழம்புகிறது.

ஓடுகிறவன் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடனே நிறுத்துங்கள். உடம்பு வியர்த்துத்தானே இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம். வியர்வையோடும் இந்த ஆபத்து வரும். நிழலில் கிடத்தி, உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரைக் கொட்டி விசிறுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிவிட்டுச் சும்மா காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடங்களில் உடம்பைக் குளிர வைப்பதுதான் முதல் வைத்தியம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு. இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். தாகத்துக்குக் குடித்தால் போதும். நீண்ட ஓட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ நல்லது. நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை!

வெயிலுக்கு உடம்பு பழகவும் செய்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடினால் பத்துப் பதினான்கு நாட்களில் வியர்வை சீக்கிரமே அரும்பும், அதிகமாக வரும், அதில் உப்பு குறைவாகப் போகும். ஆகவே, கோடை விடுமுறைக்குப் பட்டணத்திலிருந்து வந்த பையன், முதல் நாளே ஊர்ப் பையன்களோடு போட்டி போட வேண்டாம். முதல் வாரம் பாதித் தூரம் போதும்.