வெட்டுப்படுவது பெயர்தான்

தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், தம்பி. ஆயர் குரோவில் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறாய். இனி லினக்ஸின் இந்தக் கருப்புத் திரையோடுதான் உனக்குக் குடித்தனம். இங்கே கோப்பை மௌசால் இழுத்துக் குப்பைத்தொட்டியில் போடும் வழக்கமில்லை. 'ஆர்எம்' என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைத் தட்டி என்டர் அடித்தால் தீர்ந்தது. லினக்ஸ் பொதுவாக "நிச்சயமா?" என்று கேட்காது. முடித்துவிட்டேன் என்றும் சொல்லாது.

சரி, என்ன போனது? புக்கிட் அசகான் தோட்டத்தில் உன் தாத்தா காலத்துப் பெரட்டை, காலையில் பெயர் கூப்பிடும் அந்த வரிசையை, நினைத்துக்கொள். கிராணி தன் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயரை அடித்துவிட்டால், மறுநாள் காலை அந்தப் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். ஆள் என்னவோ லயத்து வீட்டில்தான் இருப்பார், அந்த வீட்டை வேறு குடும்பத்துக்கு ஒதுக்கும் வரை. ஃபோல்டர் என்பதும் ஒரு செக்ரோல்தான்: பெயர், அதற்கு எதிரே ஓர் எண். அந்த எண்ணுக்குப் பெயர் 'ஐநோட் எண்'. ஆர்எம் அடிப்பது அந்த ஒரு வரியை. ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் இருந்தால் மற்றப் பெயரில் அது பத்திரமாக இருக்கும். கடைசிப் பெயரும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் மூடிய பிறகுதான் இடம் காலி என்று குறிக்கப்படும். அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி வட்டில் அதை நம்பாதே. காலியான இடத்தை அது தானே துடைத்துவிடலாம்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று. அழிப்பதற்குக் கோப்பின் மேல் எழுதும் உரிமை வேண்டியதில்லை, ஃபோல்டரின் மேல் இருந்தால் போதும். திருத்தப்படுவது பட்டியல்தானே? பூட்டிய கோப்பு என்றால் ஆர்எம் ஒரு வார்த்தை கேட்கும். 'மைனஸ் எஃப்' சேர்த்தால் அதையும் கேட்காது.

'ஆர்எம்டிர்' காலி ஃபோல்டரை மட்டும் எடுக்கும். 'ஆர்எம் மைனஸ் ஆர்' உள்ளே இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகும். 2011-இல் பம்பிள்பீ என்ற மென்பொருளின் நிறுவு நிரலில் 'யூஎஸ்ஆர்' என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி தவறி விழுந்திருந்தது. அழிய வேண்டியது அதற்குள் கிடந்த ஒரு சின்ன ஃபோல்டர். அழிந்தது நிரல்களெல்லாம் குடியிருக்கும் யூஎஸ்ஆர் முழுவதும்! நீ தட்டும் வரியை முதலில் படிப்பது 'ஷெல்'. இடைவெளி வந்தாலே அதற்கு அது இரண்டு பெயர். நீ போடும் நட்சத்திரக் குறியை விரிப்பதும் ஷெல்தான். ஆர்எம் கையில் வெறும் பட்டியல்தான் போய்ச் சேரும். அதனால் அதே வரியை முதலில் ஆர்எம்முக்குப் பதில் 'எல்எஸ்' போட்டுத் தட்டிப் பார், பட்டியல் கண்ணுக்குத் தெரியும். இது கோழைத்தனமில்லை.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 'திருவிழா கணக்கு' என்ற கோப்பை மேற்கோள் குறிக்குள் எழுதாவிட்டால் 'திருவிழா', 'கணக்கு' என்று இரண்டு கோப்புகளைத் தேடும். அதைவிட வேடிக்கை 'கோயில்'. 'கோ'வில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸுக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டமைப்பு பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கே ஜிப் கட்டி அனுப்பிய 'கோயில்' உன்னிடம் வந்தால், நம்மூர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் நீ தட்டும் 'கோயில்' அதோடு பொருந்தாமல் போகலாம். கண்ணெதிரே கோப்பு இருக்கும், அப்படி ஒன்று இல்லை என்று ஆர்எம் சாதிக்கும்.

திரும்பத் திரும்பத் தட்டிக் கோபப்படாதே. 'க' மட்டும் தட்டி டேப் விசையை அழுத்து. ஷெல் தன்னிடம் உள்ள எழுத்திலேயே பெயரை நிரப்பித் தரும். இரண்டு 'கோயில்'களும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் டேப் திணறும். அப்போது பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடி. 'எல்எஸ் மைனஸ் ஐ' ஐநோட் எண்ணைக் காட்டும். 'ஃபைண்ட்' கட்டளையில் 'மைனஸ் ஐநம்' போட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் கோப்பு அகப்படும். அதுதானா என்று பார்த்த பிறகு 'மைனஸ் டிலீட்' சேர். அதையும் வரியின் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கிறது, டிலீட்டை முன்னால் வைத்தால் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கண்டதையெல்லாம் அழித்துக்கொண்டு போகும்.