பிறந்த குழந்தையின் மூளைக்குள் ஒரு மடை!

தாய் வயிற்றில் இருக்கும் குழந்தை காற்றைச் சுவாசிப்பது இல்லை. அதற்கு வேண்டிய பிராண வாயு தாயின் ரத்தத்தில் இருந்து தொப்புள் கொடி வழியாகப் போகிறது.

குழந்தை பிறந்து "வீல்" என்று அழுததும் நுரையீரல் விரிகிறது. ரத்தத்தில் பிராண வாயு மளமளவென்று கூடுகிறது.

அப்போது மூளையில் என்ன நடக்கிறது, தெரியுமா?

திறக்கும், அடைக்கும்

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் விவசாயி மடையை அகலத் திறப்பார். வெள்ளம் வந்தால் அடைப்பார். மூளையின் ரத்தக் குழாய்களும் அப்படித்தான். குழாயின் சுவரில் தசை இருக்கிறது. அது தளர்ந்தால் குழாய் விரியும். இறுகினால் சுருங்கும்.

பிராண வாயு மிகவும் குறைந்தாலும், கரியமில வாயு மிகுந்தாலும் குழாய் விரிகிறது. பிறந்ததும் பிராண வாயு தாராளமாகக் கிடைப்பதால், குழாய் சற்றுச் சுருங்குகிறது.

குழாயைத் தளர்த்துவதில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவுக்கும் பங்கு உண்டு. குழாயின் உள்பக்கமே அதை உண்டாக்குகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்த பர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

குறைமாதக் குழந்தை

நிறைமாதக் குழந்தைக்கு இந்த மடை ஓரளவு தயாராக இருக்கும். 32 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைக்கு அப்படி அல்ல. ரத்த அழுத்தம் திடீரென்று ஏறினால், அதைத் தடுக்கும் சக்தி குழாய்களுக்குப் போதாது. மூளையின் உள்ளே இருக்கும் நூல் போன்ற குழாய்கள் உடைந்து, ரத்தம் கசியலாம். பிறந்த முதல் 3 நாட்களில்தான் இந்த ஆபத்து அதிகம்.

அதனால்தான் நர்சுகள் அந்தக் குழந்தையைப் பூப்போலத் திருப்புகிறார்கள். அடிக்கடி தூக்க விடுவது இல்லை. பாட்டிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது!

என்ன செய்யலாம்?

பிறந்த உடனே கொடியை அறுக்காமல் 1 நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொடியில் இருக்கும் ரத்தமும் குழந்தைக்குப் போய்ச் சேரும். மூச்சுத் திணறும் குழந்தைக்கு மட்டும் டாக்டர் வேறு முடிவு எடுப்பார்.

இன்னொன்று முக்கியம். ஏழாம் மாதத்தில் வலி கண்டால், "பொய் வலிதான்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், டாக்டர்கள் தாய்க்கு ஒரு ஊசி போடுவார்கள். அது குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்தும். மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தையும் குறைக்கும். ஆனால் அந்த ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும்.

சீக்கிரம் போனால், அந்த நேரம் கிடைக்கும்.