கடல் தாண்டும் படிப்பு – 6: 28 நாள் பணம்

பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது. கடிதமும் வந்துவிட்டது. இனி வீட்டில் பேச்செல்லாம் பணத்தைப் பற்றித்தான்.

"நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்குதுங்க. பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்தாந்திருக்கேன்" என்று மஞ்சள் பையோடு வரும் அப்பாக்களைப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நிறையப் பார்க்கலாம். ஊரில் அந்தத் தோப்புக்கு ஒரு மரியாதை உண்டு; அதை நம்பிக் கடன் கொடுப்பார்கள், பெண்ணும் கொடுப்பார்கள். பிரிட்டனின் மாணவர் விசாவுக்கு அது செல்லாது. நிலம், நகை, பங்குகள், வருங்கால வைப்பு நிதி எதுவும் கணக்கில் வராது. நினைத்தவுடன் எடுக்கக்கூடிய ரொக்கம் வங்கியில் இருக்க வேண்டும்.

முதலாண்டுக் கட்டணத்தில் கட்டியதுபோக மீதி எவ்வளவோ, அது முழுதாக வேண்டும். அதோடு சாப்பாடு, வாடகை வகையில் 9 மாதச் செலவு. 2025 நவம்பர் முதல் இது லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171. லண்டன் கணக்கு 13,761 பவுண்டு ஆகிறது. ரூபாயில் 16 லட்சத்தைத் தாண்டும்.

தொகையைவிட அது கணக்கில் இருக்க வேண்டிய காலம்தான் பலரைக் கவிழ்க்கிறது. தொடர்ந்து 28 நாள் அந்தப் பணம் குறையாமல் கிடக்க வேண்டும். நடுவில் உர மூட்டைக்கென்று ஐம்பதாயிரம் எடுத்து, இருப்பு ஒரே ஒரு நாள் தேவைக்குக் கீழே இறங்கினாலும் போச்சு, முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதுதான். அந்த 28-வது நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் ஓடிவிடவும் கூடாது. பவுண்டு மதிப்பை விண்ணப்பிக்கும் நாளின் விலையில் பார்ப்பார்கள். அதனால் ஒரு லட்சமாவது கூடுதலாகப் போட்டுவையுங்கள்.

யார் கணக்கில் இருக்கலாம்? மாணவர் கணக்கில், அல்லது அப்பா அம்மா கணக்கில். சித்தப்பா எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அவர் பாஸ்புக் உதவாது. தொகையை முன்கூட்டியே மாணவர் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அப்பா கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் தேவை. நம் இனிஷியல் இங்கேதான் வம்பு செய்யும்: சான்றிதழில் ஓரெழுத்தாக இருப்பது வங்கியில் முழுப் பெயராக விரிந்திருக்கும். பவுண்டு கணக்குப் போடும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இந்த 28 நாளை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. அதற்கு 'ஷோ மணி' என்று பெயர். ஒரு மாதத்துக்கு இருபது லட்சத்தை உங்கள் கணக்கில் போட்டு, வட்டியோடு திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் பணமே வராது, வங்கி அறிக்கை மட்டும் அச்சாகி வரும். விசா அலுவலகம் வங்கியையே கேட்டுச் சரிபார்க்கும். மோசடி என்று முடிவானால் 10 ஆண்டுக்குக் கதவு மூடப்படலாம். மாட்டாமல் தப்பியவர்களின் நிலை அதைவிடப் பரிதாபம் என்பேன். விசா கையில் வந்த மறுநாளே கடன்காரர் பணத்தை எடுத்துக்கொள்ள, பையன் வெறுங்கையோடு பிரிட்டனின் கவன்ட்ரி நகரில் இறங்குகிறான். பட்டப்படிப்பு மாணவர் பாட நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். மொத்தச் செலவுக்கு அது போதாது.

கல்விக் கடன் இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. வங்கியின் கல்விக் கடன் அனுமதிக் கடிதம் மாணவர் பெயரில் இருந்து, 6 மாதத்துக்குள் வாங்கியதாகவும் இருந்தால் 28 நாள் காத்திருக்கவே வேண்டாம். தோப்புப் பத்திரம் விசா அலுவலகத்தில் செல்லாவிட்டாலும் இந்தக் கடனுக்கு அடமானமாகச் செல்லும்.

ஜெர்மனி வேறு வழியில் போகிறது. 11,904 யூரோவை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோ வீதம் மாணவர் கைக்கு வரும். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பிவிடும். ஏறக்குறைய 12 லட்சத்தை ஒரே மூச்சில் கட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கொடுமைதான். மியூனிக் போன்ற நகரின் செலவுக்கு 992 பத்தாது என்பதும் உண்மை. ஆனாலும் எனக்கு இந்த முறைதான் நேர்மையாகப் படுகிறது. காட்டிய பணம் காட்டியவனுக்கே சோறு போடுகிறது. மாதாமாதம் சொட்டுச் சொட்டாக வரும் பணத்துக்காக ஷோ மணிக்காரர் ஒரு வருஷம் காத்திருக்க மாட்டார்.

அமெரிக்காவுக்குச் சித்தப்பா பணமும் செல்லும், 28 நாள் விதியும் இல்லை. முதலாண்டுச் செலவுக்கு வழி இருக்கிறதா என்று பல்கலைக்கழகமே பார்த்துத்தான் ஐ-20 படிவத்தைத் தரும். ஆனால் தூதரக அதிகாரி கோப்பைத் தொடாமலே, "யார் செலவு செய்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். சென்னை ஜெமினி பாலத்தருகே நடக்கும் அந்த இரண்டு நிமிடப் பேச்சை அடுத்த வாரம் பார்ப்போம்.