ஒரே வளாகம், இரண்டு முத்திரை

அண்ணன் பிளஸ் டூ, தங்கை எட்டாம் வகுப்பு. இருவருக்கும் போனஃபைட் சான்றிதழ் வாங்க அம்மா கொச்சியில் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவார். ஆனால் தங்கைக்கு ஹெட்மாஸ்டர் அறை, அண்ணனுக்கு மைதானத்தைத் தாண்டிப் பிரின்சிபால் அறை. இரண்டு முத்திரை, இரண்டு வருகைப் பதிவேடு. கொச்சியில் மட்டுமல்ல, கேரளம் முழுக்கப் பல வளாகங்களில் இதுதான் வழக்கமாக இருந்தது. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஒரே தலைமையாசிரியரைப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இது புதிராகத் தெரியும்.

காரணம் பழையது. தமிழ்நாடு 1978-லேயே பியூசியைக் கல்லூரியிலிருந்து எடுத்துப் பள்ளியில் மேல்நிலை வகுப்பாக வைத்தது. கேரளத்தில் அதற்கு இணையான பிரீடிகிரி கல்லூரியிலேயே தங்கிவிட்டது. 1986-ல் டி.எம். ஜேக்கப் கல்வி அமைச்சராக இருந்தபோது அதற்குத் தனி வாரியம் அமைக்க முயன்றார். கல்லூரி ஆசிரியர்கள் கொதித்தெழ, திட்டம் கைவிடப்பட்டது. 1990-ல் சில பள்ளிகளில் தொடங்கிய ஹயர் செகண்டரி, பிரீடிகிரியை முழுதாகக் கல்லூரியை விட்டு வெளியேற்ற மேலும் பத்தாண்டு ஆயிற்று. அப்படி வந்து சேர்ந்த பிளஸ் டூவுக்குத் தனி இயக்குநரகம். 1983-லிருந்தே நடந்துவந்த தொழிற்கல்வி ஹயர் செகண்டரிக்கு இன்னொன்று. பத்தாம் வகுப்பு வரை பழைய பொதுக்கல்வி இயக்குநர். ஆக, ஒரே மதிலுக்குள் மூன்று எஜமானர்கள்.

இந்த மூன்றையும் ஒன்றாக்கச் சொன்னது அரசு அமைத்த எம்.ஏ. காதர் குழு. 2019 ஜனவரியில் முதல் பகுதி அறிக்கை வந்தது. அந்த ஆண்டுப் பள்ளி திறக்கும் வேளையிலேயே மூன்று இயக்குநரகமும் புதிய பொதுக்கல்வி இயக்குநரகம் என்ற ஒரே கூரையின் கீழ் வந்தன. மூன்று பொதுத் தேர்வுக்கும் அதன் தலைவரே ஆணையர். வளாகத்துக்குப் பிரின்சிபால்தான் தலைவர், ஹெட்மாஸ்டர் துணை முதல்வர்.

ஆசிரியர் சங்கங்கள் பல எதிர்த்தன. விவகாரம் எர்ணாகுளத்தில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்கே வந்து, 2019 ஜூனில் மேல்நடவடிக்கைக்குத் தடையும் விதிக்கப்பட்டது. இது வெறும் பதவிச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. ஹெட்மாஸ்டரிடம் கிளார்க் உண்டு, மதிய உணவுப் பொறுப்பும் உண்டு. ஹயர் செகண்டரிப் பிரின்சிபாலுக்குக் கிளார்க் கிடையாது. பாடமும் நடத்தி, ரசீதும் எழுத வேண்டும். அலுவலகம் ஒன்றானால் அவர் மூச்சு விடலாம். ஆனால் அதே கிளார்க்குகள் இருமடங்குப் பிள்ளைகளின் காகிதத்தைத் தூக்க வேண்டியிருந்தால், வரிசையில் காத்து நிற்பது அந்த அம்மாதானே?

என் குறை வேறு. குழுவின் இரண்டாம் பகுதி அறிக்கை வந்தது 2022-ல். பாதி அறிக்கை கையில் இருக்கும்போதே இணைப்பு தொடங்கிவிட்டது. பெற்றோர் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டிய நேரம், உத்தரவு வருவதற்கு முன்பு. இதே கேரளம் 2022 கடைசியில் புதிய பாடத்திட்டத்துக்காக ஊர் ஊராக மக்கள் கருத்துக் கேட்டது. வகுப்பறையில் பிள்ளைகளையே உட்காரவைத்துப் பேசச் சொன்னது. என்ன படிப்பது என்று கேட்கத் தெரிந்த அரசு, யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது என்றும் கேட்டிருக்கலாம். காதர் குழுவின் இரண்டாம் பகுதியில் வகுப்பைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கலாம் என்றொரு பரிந்துரை உண்டு. காலையில் மதரசாவுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் மட்டாஞ்சேரியில் ஏராளம். அந்த வீடுகளைக் கேட்காமல் மணியை மாற்றவே கூடாது.

அடுத்த முறை இணைப்புப் பேச்சு கல்லூரிகளைப் பற்றியும் வரலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020, உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் பல துறைகளோடு மூவாயிரமோ அதற்கு மேலோ மாணவர்களைக் கொண்டதாக வளர வேண்டும் என்கிறது. சிறிய கல்லூரிகளுக்கு அதன் பொருள் இணைப்பு, அல்லது ஒரு பெரிய நிறுவனத்தின் கீழ் கொத்தாகச் சேர்வது. நூலகமும் ஆய்வகமும் பெரிதாகும், ஆளில்லாத பாடத்துக்கு ஆள் கிடைக்கும் என்பது நியாயமான வாதம்தான். அதே வேகத்தில், இருபது பேர் மட்டும் படிக்கும் மொழிப் பாடம் ஒன்று ஓசையில்லாமல் மறைந்தும் போகும்.

ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபிகானா இருக்கிறது. தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள், வரிசையாகக் கல் தொட்டிகள், மேலே கயிற்றில் வெள்ளைத் துணி. அங்கிருந்து ஒரு பெண் நடந்து போய்ப் படித்த பாடம் இணைப்பின் பேரில் எர்ணாகுளத்துக்கு மாறினால், அவள் பஸ்ஸில் தோப்பும்படியில் ஒரு பாலமும் வெண்டுருத்தியில் இன்னொரு பாலமும் தாண்ட வேண்டும். மழைக்கால மாலையில், அந்த நெரிசலில். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் முதலில் வைக்க வேண்டிய கேள்வி அது: எந்தப் பாடம் எந்த வளாகத்தில் இருக்கும், கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் உத்தரவு அச்சாவதற்கு முன்பே.