காப்பி குடித்தவரிடமும் ரசீது கேட்ட நாடு

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரில் நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேக்கரிக்காரர், காய்கறிக் கடைக்காரர், டீக்கடைக்காரர் என்று பலருக்கும் வணிக வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. செல்போன் வழியாக வந்து சேர்ந்த பணத்தையெல்லாம் கூட்டிப் பார்த்து, "உங்கள் விற்பனை வரம்பைத் தாண்டிவிட்டது, ஏன் பதிவு செய்து வரி கட்டவில்லை?" என்று கேட்டது அந்த நோட்டீஸ். அவ்வளவுதான், பல கடைகளில் கியூ.ஆர். அட்டை மறைந்தது. "ரொக்கம் மட்டும்" என்ற அட்டை தொங்கியது. பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று முதலமைச்சர் சொன்ன பிறகே பரபரப்பு அடங்கிற்று.

நான் வாடிக்கையாக டீ குடிக்கும் கடைக்காரர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். "உலகத்துல வேற எங்கயாவது டீக்கடைக்காரனை இப்படித் துரத்துவாங்களா, சார்?" என்று கேட்டார். இத்தாலியில் துரத்தினார்கள், கடைக்காரரை மட்டுமல்ல, டீ குடித்தவரையும் துரத்தினார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் இத்தாலியைக் கண்டவன் அல்லன். படித்துத் தெரிந்துகொண்டதை அவருக்காகவே இங்கு எழுதுகிறேன்.

இத்தாலியில் டீ கிடையாது, காப்பிதான். "பார்" என்று பலகை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துச் சாராயக் கடை என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் அலுவலகம் போகிறவர்கள் நின்றபடியே சிறு கோப்பையில் கறுப்புக் காப்பியை இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போகிற இடம் அது. ரயில் நிலையம் போன்ற கூட்டமான இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்ட வேண்டும். அங்கே தரும் துண்டுச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் காப்பி. நம் தர்சினி ஓட்டலில் டோக்கன் வாங்குவது போலவே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுச் சீட்டுக்கு "ஸ்கொன்ட்ரீனோ" என்று பெயர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டில் சர்க்காருக்கும் சிறு கடைக்காரருக்கும் நடந்துவரும் சண்டை முழுவதும் இந்தச் சீட்டைச் சுற்றித்தான்.

1973-இல் இத்தாலியில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. பொருள் வாங்குகிறவர் கொடுக்கும் வரியைக் கடைக்காரர் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பனையைக் கணக்கில் எழுதாவிட்டால் அந்த வரியும் மிச்சம், வருமான வரியும் மிச்சம். கணவன் கல்லாவில், மனைவி அடுப்பில், மகன் மேஜை துடைக்க என்று குடும்பமாக நடத்தும் லட்சக்கணக்கான கடைகளில் எத்தனை காப்பி விற்றது என்று எந்த அதிகாரி எண்ண முடியும்?

எனவே 1980 மார்ச்சில் ஓட்டல்களும் உணவு விடுதிகளும் ரசீது தந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். 1983-இல் மற்றக் கடைகளுக்கும் சட்டம் வந்தது. அரசு முத்திரையிட்ட கல்லா இயந்திரம் படிப்படியாக எல்லாருக்கும் கட்டாயமாயிற்று. விற்பனை ஒவ்வொன்றும் இயந்திரத்தின் வயிற்றில் பதிவாகும். முத்திரையைக் கடைக்காரர் தொடக்கூடாது.

கடைக்கு வெளியே காவலர்

இதோடு விட்டிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். ரசீதை வாங்குகிறவர் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். கடைவாசலைத் தாண்டிச் சில அடி வந்ததும் காவலர் மறித்துக் கேட்பார். ரசீது இல்லையென்றால் கடைக்காரருக்கு அபராதம், வாங்கியவருக்கும் அபராதம்.

இந்தக் காவலர்கள் சாதாரணப் போலீசார் அல்லர். "குவார்தியா தி ஃபினான்ஸா" என்ற தனிப் படையினர். சாம்பல் நிறச் சீருடை, கழுத்துப் பட்டையில் மஞ்சள் தீச்சுடர்ச் சின்னம். ராணுவக் கட்டுப்பாடு உள்ள இந்தப் படைதான் கடலில் கள்ளக்கடத்தலையும் பிடிக்கிறது, ஐஸ்கிரீம் கடை வாசலில் ரசீதும் கேட்கிறது.

ரயில்வேயில் இருப்பவனுக்கு இது புதிதாகத் தோன்றாது. டிக்கெட் இல்லாத பயணிக்கு அபராதம் போடுகிறோம். வெளியே போகும்வரை டிக்கெட்டை வைத்திருக்கச் சொல்கிறோம். ஆனால் பயணி டிக்கெட் எடுக்காதது அவர் குற்றம். கடைக்காரர் சீட்டுக் கொடுக்காததற்கு, காசு கொடுத்துக் காப்பி குடித்தவர் ஏன் தண்டம் அழ வேண்டும்? இத்தாலியர்களும் இப்படித்தான் கேட்டார்கள். இந்த அபராதம் 2003-இல்தான் ஒழிந்தது.

சம்பளக்காரரின் கோபம்

கடைக்காரர் பக்கமே பேசிக்கொண்டிருந்தால் என் சொந்த ஜாதியான குமாஸ்தாக்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சம்பளக்காரனுக்கு வரி, சம்பளம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படுகிறது. ஒளிக்க இடமில்லை. இத்தாலியிலும் அப்படியே. அங்கே வருமானக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கடையில் வேலை செய்கிற சிப்பந்தியை விடக் கடை முதலாளி குறைவாகச் சம்பாதிப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தது தெரியவந்தது! முதலாளி ஏழை, வேலைக்காரன் பணக்காரன்.

1984-இல் நிதி மந்திரியாக இருந்த புரூனோ விசென்டீனி இதை ஒரு கை பார்க்கத் துணிந்தார். "உங்கள் செலவுக் கணக்கை நான் நம்பப் போவதில்லை. தொழிலுக்கு இத்தனை சதவீதம் செலவு என்று நானே போட்டுக்கொள்கிறேன், மீதிக்கு வரி கட்டுங்கள்" என்பதே அவருடைய மசோதாவின் சாரம். தொழிற்சங்கங்கள் அதை ஆதரித்தன. கடைக்காரர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நாடு முழுவதும் கடையடைப்பு நடந்தது. பாராளுமன்றத்தில் மசோதாவை இழுத்தடித்ததால் டிசம்பரில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். 1985 பிப்ரவரியில் அது சட்டமாயிற்று, மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். ஒரே தெருவில் சம்பளக்காரனும் கடைக்காரனும் இப்படி எதிரெதிராக நின்றார்கள்.

பிறகும் அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. உணவு விடுதியில் எத்தனை சாப்பாடு விற்றது என்று அறிய அவர்கள் கண்ட வழி கேட்டால் சிரிப்பு வரும். சாப்பிடுகிறவருக்குத் தரும் துணிக் கைக்குட்டைகள் சலவைக்குப் போகின்றன அல்லவா? சலவைக் கணக்கைப் பிடித்து, எத்தனை கைக்குட்டை துவைத்தார்களோ அத்தனை சாப்பாடு என்று கணக்கிட்டார்கள். சிப்பந்திகள் துடைத்ததற்குக் கொஞ்சம் கழிவு. நம் ஊர் மெஸ்ஸில் வாழையிலைக் கட்டை எண்ணுவது போல. வாங்கிய காப்பித்தூளின் எடையிலிருந்தும் கோப்பைகளை எண்ணினார்கள். உச்ச நீதிமன்றமே இந்தக் கைக்குட்டைக் கணக்கைச் செல்லும் என்று ஏற்றிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெயர்பெற்றது கோர்த்தினா சோதனை. கோர்த்தினா தம்பெத்ஸோ என்பது ஆல்ப்ஸ் மலையில் பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாட வரும் ஊர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி வரித்துறை அதிகாரிகள் 80 பேர் அங்கே இறங்கி 35 கடைகளின் கல்லாப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். அன்று சில உணவு விடுதிகளின் விற்பனை, முந்திய ஆண்டு அதே நாளை விட 300 சதவீதம் வரை உயர்ந்தது. ஆடம்பரப் பொருள் கடைகளில் 400 சதவீதம் வரை. அதிகாரி நின்றதும் வியாபாரம் செழித்துவிட்டது! தெருவில் நின்ற உயர்ரகக் கார்கள் 251-ஐயும் விசாரித்தார்கள். அவற்றின் சொந்தக்காரர்களில் 42 பேர் ஆண்டு வருமானம் 30,000 யூரோவுக்கும் குறைவு என்று கணக்குக் கொடுத்தவர்கள். ஊரின் பெயர் கெட்டதென்று உள்ளூர்க்காரர்கள் முறையிட்டார்கள். வரிப்பிடித்தம் போகச் சம்பளம் வாங்குகிற நான் அந்த முறையீட்டைப் படித்தபோது எனக்கு இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கோர்த்தினா வேறு, மூலைக் கடை வேறு. அதே காலத்தில் இத்தாலி பொருளாதார நெருக்கடியில் தவித்தது. சில்லறை வேலை எடுத்துச் செய்கிற கட்டடக்காரர், தச்சர், சிறு பட்டறைக்காரர் ஆகியோருக்கு வரவேண்டிய பணம் வரவில்லை; கட்டவேண்டிய வரிக்கு வட்டியும் அபராதமும் ஏறின. உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 2012 மே மாதம் போலோஞா நகரில், அப்படிக் கணவரை இழந்த பெண்கள் ஊர்வலம் போனார்கள். கணக்கை மறைத்தவரும் கட்ட வழியில்லாதவரும் ஒரே நோட்டீசைத்தான் வாங்குகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கிற கண் இயந்திரத்துக்குக் கிடையாது.

இப்போது எல்லாம் மின்கம்பி வழியேதான். 2019 ஜூலையில் பெரிய கடைகளுக்கும், 2020 ஜனவரி முதல் மற்றவர்களுக்கும் புதுக் கல்லா வந்தது. அன்றன்றைய விற்பனையை அதுவே வரித்துறைக்கு அனுப்பிவிடும். வாங்குகிற விலையில் பாதி, 250 யூரோ வரைக்கும், அரசு வரிச் சலுகையாகத் தந்தது. 2022 முதல், அட்டையில் பணம் வாங்க மறுத்தால் 30 யூரோவும் தொகையில் 4 சதவீதமும் அபராதம். ஐந்து ஆண்டுக்குள் வெவ்வேறு நாட்களில் நான்கு முறை ரசீது கொடுக்காமல் பிடிபட்டால் மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை கடையை மூடிவிடுவார்கள்.

ஒரு காலத்தில் அபராதம் போட்ட வாடிக்கையாளருக்கு இப்போது பரிசு தருகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 2021 பிப்ரவரியில் ரசீது லாட்டரி தொடங்கினார்கள். அட்டையில் பணம் கட்டி, தம் எண்ணைக் கடைக்காரரிடம் கொடுத்தவர்களின் ரசீதுகளைக் குலுக்கிப் போட்டு மாதந்தோறும் தலா 1,00,000 யூரோ பரிசுகள் கொடுத்தார்கள்.

இவ்வளவையும் நம் டீக்கடைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு கையால் பால் ஆற்றிக்கொண்டே கேட்டார். "குடிச்சவனுக்குத்தான் பரிசா, சார்? டீ போட்டவனுக்கு?"

"அவருக்கும் உண்டு, ஐந்தில் ஒரு பங்கு, 20,000 யூரோ" என்றேன்.

கியூ.ஆர். அட்டை மீண்டும் கல்லாவின் மேல் ஏறியிருந்தது. அதைத் துணியால் ஒரு துடை துடைத்தார். "அந்தக் கல்லா மிஷின் நம்ம காசுல என்ன விலை ஆகும்? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.