அடித்தால்தான் கொடுமையா?

"கணவர் கை நீட்டியதே இல்லை. அப்படியும் இது கொடுமையா?" ஆமாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையோடு நிற்கவில்லை. சம்பளத்தையும் ஏடிஎம் அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொள்வது, செலவுக்குப் பணம் தராமல் கெஞ்சவிடுவது, கேட்காமல் நகையை விற்பது, ஆண் குழந்தை இல்லையென்று குத்திக்காட்டுவது, விருப்பமில்லாமல் உறவுக்குக் கட்டாயப்படுத்துவது எல்லாமே வன்முறைதான்.

சண்டை எல்லா வீட்டிலும் வருமே? வரும். ஆனால் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் உங்களுக்கு வயிறு கலங்குகிறது என்றால், அது வெறும் சண்டை இல்லை.

மனைவிக்கு மட்டுமா இந்தச் சட்டம்? இல்லை. ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, மகள், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண் ஆகியோருக்கும் உண்டு.

"வீடு மாமியார் பேரில் இருக்கிறது, வெளியே போ என்றால்?" பல பெண்களின் வாயை அடைப்பது இந்தப் பயம்தான். நீங்கள் சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பேரில் இருந்தாலும், அங்கே தங்க உங்களுக்கு உரிமை உண்டு. 2020-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சட்டப்படி அல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. இதற்காக விவாகரத்தும் கேட்க வேண்டியதில்லை. கணவர் உங்களை நெருங்கக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்றெல்லாம் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதிலும் பாதுகாப்பு உத்தரவை (நெருங்கக் கூடாது என்பது போன்ற உத்தரவை) மீறினால் ஓராண்டு வரை சிறை. வழக்கு இழுக்கத்தான் செய்யும். அதனால் முதலிலேயே இடைக்கால உத்தரவு (தீர்ப்பு வரும்வரை செல்லும் உத்தரவு) கேளுங்கள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம்.

யாரிடம் போவது? உடனடி ஆபத்தென்றால் 112. பேசி வழி கேட்க, 181 பெண்கள் உதவி எண். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் (உங்கள் புகாரை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புபவர்) இருப்பார். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையா? வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண் என்றாலே இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் "வழுக்கி விழுந்தேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். டாக்டர் எழுதும் குறிப்பு பின்னால் சாட்சியாகும். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகலை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். கணவர் உங்கள் போனைப் பார்ப்பவரானால், வேறொருவர் போனிலிருந்து கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டில் அலறல் கேட்கிறது, நாம் தலையிடலாமா? தாராளமாக. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்பவர்மீது வழக்கு வராது என்று சட்டமே சொல்கிறது.